1987 சாமுராய்: முதலில் எதில் கை வைப்பது?

பாறைத்தடம்

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா வைத்திருந்த 1987 சுசுகி சாமுராய் ஜீப் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எஸ்ஜே413 வகை, 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், 5 கியர், துணிக்கூரை. பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. பேட்டரி மாற்றி, டேங்கைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றியதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது) விழுகிறது, லோவும் (மெதுவான, விசை கூடின கியர் வரிசை) விழுகிறது.

பாறை, ஆற்றுப்படுகை, செங்குத்து ஏற்றம் என்று இருக்கும் தடங்களுக்கு ஏற்றபடி இதைக் கட்ட ஆசை. ஆனால் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிற வண்டியாக வேண்டாம். தடம் தொடங்கும் இடம்வரை ரோட்டில் நானே ஓட்டிப் போய், அதே வண்டியில் திரும்பி வர வேண்டும்.

மனதில் இருக்கும் திட்டம் இதுதான்: ஸ்பிரிங் ஓவர் (ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றுவது) போட்டு 5 அங்குலம் தூக்குவது, பிறகு 31 அங்குல டயர், பிறகு இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி).

இப்போது கண்ணில் படும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் கையை உதறிவிடும் அளவுக்கு ஸ்டியரிங் ஆடுகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது. இடது முன்சக்கரத்தின் உள்பக்கம், அந்த உருண்டைப் பகுதியிலிருந்து கறுப்பாக, தண்ணீர்போல ஏதோ வடிகிறது. அப்புறம், வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் இன்ஜின் திணறி அணைந்துவிடுகிறது.

எப்படியும் ஆக்சிலைக் கழற்றத்தான் போகிறேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடலாமா? ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் பாகம்) போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

மண்ரோடு

வாழ்த்துகள் நண்பா. ஸ்பிரிங் ஓவரே போடுங்கள். சாமுராயில் ஸ்பிரிங் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே ஏற்றிவிட்டால் புது ஸ்பிரிங் வாங்காமலே 5 அங்குலம் கிடைக்கும், பட்டை பாறையில் தட்டுவதும் நிற்கும். 31 தாராளமாக உட்காரும். என் வண்டி அப்படித்தான் இருக்கிறது, நன்றாகவே ஏறுகிறது. டேம்பரும் போடுங்கள், ஆட்டம் அடங்கிவிடும்.

பழைய ஸ்பேனர்

தம்பி, அருமையான வண்டி வந்திருக்கிறது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். முன்னும் பின்னும் முழு ஆக்சில், தனிச் சேஸிஸ், கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி). எதைக் கழற்றினாலும் இன்னொன்றைத் தொந்தரவு செய்யாமல் கழற்றலாம். பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

முதலில் டேம்பர் விஷயம். டேம்பர் போட்டால் ஆட்டம் அடங்கும் என்று மண்ரோடு சொல்வது உண்மைதான். ஆனால் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் மட்டும் போய்விடும். பெரிய டயர் ஏறிய பிறகு அதே ஆட்டம் டேம்பரையும் மீறி, இன்னும் கூடின வேகத்தில் வரும். அதனால் வாங்காதீர்கள்.

நீங்கள் சொல்கிற ஆட்டத்துக்கு இந்த வண்டியில் பெரும்பாலும் கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங்தான் காரணம். முன் ஆக்சிலின் ஒவ்வொரு முனையிலும் ஒரு உருண்டை, அதைச் சுற்றித் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், நக்கிளைத் தாங்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக டேப்பர் ரோலர் பேரிங். இந்த இரண்டும் ஒன்றையொன்று லேசாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் போய்விட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போனால் அது வீல் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் கிங்பின்.

கிங்பின்னை இறுக்குவது ஷிம்மில் இருக்கிறது. கிங்பின் தட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அழுத்தம் கூடும். இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, உருண்டையைச் சுற்றியுள்ள சீலையும் எடுத்துவிட்டு, நக்கிளின் கை முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவைச் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். சீலோடு சேர்த்து இழுத்தால் சீலின் உராய்வும் சேர்ந்து பொய்க் கணக்கு காட்டும். பேரிங் ரேஸில் (ரோலர் உருளும் வளையத்தில்) விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பல வருடம் நேராகவே ஓடிய வண்டியில் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும். நகம் தட்டினால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும், ஷிம்மால் சரியாகாது.

அந்தக் கறுப்புத் தண்ணீரும் இதே இடத்துச் சமாசாரம்தான். உருண்டைக்குள் இருக்கும் ஜாயின்ட்டுக்குக் கெட்டி கிரீஸ்தான் இருக்க வேண்டும். ஆக்சில் குழாயின் முனையில் ஒரு உள் சீல் உண்டு. அது போய்விட்டால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் கசிந்து வந்து கிரீஸைக் கரைத்துவிடும். வெளியே வடிவது அந்தக் கலவை. இன்றைக்கே முன் டிஃபரன்ஷியலின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருக்கும். சீல் மாற்றும்போது, ஷாஃப்டில் சீல் உரசும் இடம் பள்ளமாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆக்சில் மேல் இருக்கும் பிரீதர் (காற்று போகும் துளை). அது மண்ணடைத்துப் போனால், ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும்போது வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் சீக்கிரமே கசியும்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி நேராக ஓட வேண்டும். அப்படி ஓடுகிற வண்டியில் ஒரு மாற்றம் செய்து, அதன் பிறகு ஆட்டம் வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். ஆடுகிற வண்டியில் ஸ்பிரிங்கும் டயரும் ஸ்டியரிங்கும் ஒன்றாக மாற்றிவிட்டால், எந்த ஆட்டம் எதனுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதோடு ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போங்கள். சாமுராய் சேஸிஸ் மூடிய பெட்டி வடிவம், சேறு உள்ளே போனால் அங்கேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். பின் ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு) மாட்டும் இடம், ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கர்கள், பாடி மவுன்ட்டுகள் எல்லாவற்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் சத்தமே இல்லாமல் அமுங்கும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஓட்டுநரின் கால் வைக்கும் தரையையும் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், கூலன்ட் ஹோஸ் மூன்றையும் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். நின்ற வண்டியில் ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டரைவிட வயதுதான் கணக்கு.

இனி கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரே வருத்தம், கியரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பாறைத் தடத்தில் வண்டியைக் காப்பாற்றுவது மெதுவாகப் போகிற திறமைதான். உயரம் அதற்கு அப்புறம்தான்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியில் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.268, ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடி 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 31. சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 31 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால், கம்பெனி டயர் 205/70 ஆர்15-இல் வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டரில் ஊரும். அதில் 31 அங்குல டயரை மட்டும் மாட்டினால் அதே ஐடிலில் 3.8. கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் தலையளவு பாறை முன்னால் சக்கரம் நிற்கும்போது, 1.3 லிட்டர் இன்ஜினால் அந்தச் சுற்றில் தூக்க முடியாது. நீங்கள் கிளட்ச்சை வழுக்கவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பீர்கள், வண்டி துள்ளி ஏறும், அந்தத் துள்ளலில்தான் ஷாஃப்ட் உடையும், வண்டி சாயும். டயர் பெரிதாக ஆக இது மோசமாகும்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் லோவை 4.16 ஆக்கும் கியர் செட் கிடைக்கிறது. அதைப் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 57. 31 அங்குல டயரோடேகூட ஐடிலில் 2.1 கிலோமீட்டர்தான். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, சக்கரம் எங்கே கடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்றலாம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே பிடித்து இறக்கும். இந்த ஒரு மாற்றம் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அவ்வளவு செலவு இப்போது வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. இதன் அண்ணன் வண்டி எஸ்ஜே410, 1 லிட்டர் இன்ஜின். இன்ஜின் சின்னது என்பதால் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை (சாதாரண ரோட்டு கியர் வரிசை) 1.580, லோ 2.511. உங்களுடைய ஹை 1.409. அந்தப் பல்சக்கரங்கள் கிடைத்தால் ஹையில் 12 சதவீதம், லோவில் 11 சதவீதம் விசை கூடும், வேகம் அதற்கேற்ப இறங்கும். 235/75 ஆர்15 டயரின் விட்டம் உங்கள் கம்பெனி டயரைவிடச் சுமார் 10 சதவீதம் பெரிது. இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும், ரோட்டில் வண்டி பழையபடியே இழுக்கும், 5-ஆவது கியரும் வீணாகாது. ரோட்டில் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்றீர்களே, அதற்கு இந்த ஜோடி நன்றாகப் பொருந்தும்.

இப்படிக் கியர் இறக்கும்போது (வேகம் குறைத்து விசை கூட்டும்போது) டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுன்ட்டுகளையும் கவனியுங்கள். லோவில் விசை கூடும்போது கேஸே முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும், பழைய ரப்பர் கிழிந்துவிடும். 4.16-க்குப் போனால் கெட்டியான மவுன்ட்டும், கேஸ் திரும்பாமல் பிடிக்கும் ஒரு பிராக்கெட்டும் சேர்த்தே போட வேண்டும்.

டயரைப் பற்றி. லிஃப்ட் (வண்டியைத் தூக்கும் மாற்றம்) உயர்த்துவது பாடியையும் சேஸிஸையும் மட்டும். டிஃபரன்ஷியலின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டயர் மட்டும்தான் மாற்றும், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. 205/70-இலிருந்து 235/75-க்குப் போனால் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அது போதாது என்று தோன்றும். அதே டயரில் காற்றை இறக்கிப் பாருங்கள். இந்த எடைக்குத் தடத்தில் 14, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். டயர் பாறையின் மேல் படிந்து பிடிக்கும், கல்லைக் கல்லாகத் தூக்கி அடிக்காது. 10-க்குக் கீழே போனால் சாதா ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்ப ரோட்டில் ஏறுமுன் காற்று நிரப்பக் கம்ப்ரஸர் கட்டாயம் கையில் இருக்க வேண்டும், காற்றில்லாத டயரில் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

235/75 பெரும்பாலும் கம்பெனி உயரத்திலேயே, அல்லது ஓர் அங்குல ஷாக்கிள் மாற்றத்தில் உட்காரும். முழுசாகத் திருப்பும்போது முன் பம்பர் ஓரமும் ஃபெண்டரின் பின் ஓரமும் உரசினால் அந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். தகடு வெட்டுவதற்கு மனசு வராதுதான். ஆனால் இந்த வண்டியின் வீல்பேஸ் வெறும் 2030 மில்லிமீட்டர், அகலமும் குறைவு. இவ்வளவு சின்ன வண்டியை 5 அங்குலம் தூக்கினால் பக்கச்சரிவில் அது எங்கே கவிழும் என்ற கோடு உங்கள் பக்கம் நெருங்கி வந்துவிடும். டயர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் லிஃப்ட். அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம் என்பது என் கட்சி.

பாறைத்தடம்

அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. இரண்டு பக்க நக்கிளையும் பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே முன் டிஃபரன்ஷியலில் ஆயில் அடிமட்டத்தில் இருந்தது. இடது நக்கிளுக்குள் கிரீஸே இல்லை, கறுப்புக் கூழ்தான். பிரீதர் மூடியை ஊசியால் குத்தியும் திறக்கவில்லை, புதிதாகப் போட வேண்டும். கீழ் கிங்பின் ரேஸில் நகம் நன்றாகவே தட்டுகிறது. நான்கு பேரிங்கும் மாற்றுகிறேன்.

கியர் கணக்கைப் படித்த பிறகு 235/75-உம் எஸ்ஜே410 பல்சக்கரமும் என்று முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் ஸ்பிரிங் ஓவர் ஆசை முழுசாகப் போகவில்லை. பின்னாளில் போட்டால் உண்மையில் என்னவெல்லாம் வேலை? அப்புறம் லாக்கர் (டிஃபரன்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைப்பது), முன்னாலா பின்னாலா? கார்புரேட்டர் திணறல் அப்படியே இருக்கிறது.

வெல்டிங் மேசை

தம்பி, ஸ்பிரிங் ஓவர் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன், அது என் வேலை.

ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடையை வெட்டி மேல்பக்கம் வெல்டு வைப்பதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு நாள் வேலை. மற்றதுதான் நேரம் பிடிக்கும்.

மேடையை எந்தக் கோணத்தில் வைக்கிறீர்களோ அதுதான் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் விசை நுழையும் முனை) எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை முடிவு செய்யும். வண்டி உயர்ந்ததும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறது, பினியனை அதற்கேற்ப நிமிர்த்தாவிட்டால் ஷாஃப்ட் முனையிலுள்ள கிராஸ் ஜாயின்ட் அதிரும், சீக்கிரம் போகும். பின் ஆக்சிலில் இதை விருப்பம்போல் வைக்கலாம். முன் ஆக்சிலில் பினியனை நிமிர்த்தினால் காஸ்டர் கோணம் (கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும், அப்போது ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ரோட்டில் அலையும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், ரோட்டில் ஓட்டுகிறவர் காஸ்டரைத்தான் காப்பாற்ற வேண்டும். முன் ஷாஃப்ட்டின் அதிர்வு ரோட்டில் தெரியாமல் இருக்கத்தான் ஃப்ரீவீல் ஹப் (முன்சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கும் பூட்டு) இருக்கிறதே, திறந்துவிட்டால் அது சுற்றாது.

மேடையை நேரடியாகக் கடைசி வெல்டு போடாதீர்கள். புள்ளி வெல்டு வைத்து, ஸ்பிரிங் மாட்டி, இன்ஜின் முதல் பெட்ரோல்வரை வண்டியின் முழு எடையையும் இறக்கி, கோணமானியை வைத்துப் பார்த்த பிறகுதான் கழற்றி முழுசாகப் போட வேண்டும். இந்த ஆக்சில் குழாய் தடியானது இல்லை. ஒரே பக்கம் நீளமாக வெல்டு இழுத்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும், அப்புறம் உள் சீலும் ஷாஃப்ட்டும் ஒரே நேரில் நிற்காது, நீங்கள் இப்போது மாற்றுகிற சீல் மறுபடி கசியும். சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போட வேண்டும். வெல்டுக்கு முன் சீலையும் ஷாஃப்ட்டையும் எடுத்துவிடுங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள்.

ஸ்டியரிங்தான் எனக்கு ரொம்பக் கவலை தரும் இடம். பாடி உயர்ந்ததும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பி மேலிருந்து கீழே சரிவாக இறங்கும். ஸ்பிரிங் அழுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இதற்கு வளைத்த டிராக் லிங்க் விற்கிறார்கள். வளைந்த கம்பி விசை விழும்போது நிமிரப் பார்க்கும், அதை நான் யாருக்கும் மாட்டித் தருவதில்லை. நக்கிளின் தலையில் மேல்கை போட்டு லிங்க்கை மேலே ஏற்றுவதுதான் சரியான முறை, அதற்குத் தனிச் செலவு. ஸ்டியரிங் கம்பியை வெட்டி வெல்டு போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

பின்பக்கம், பட்டை ஆக்சிலுக்கு மேலே போனதும் விசை கொடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்தில் வளைக்கும். கியரையும் இறக்கியிருந்தால் இன்னும் அதிகம். அதைத் தடுக்க ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பி, ஒரு முனையில் ஷாக்கிளோடு. கடைசியாக, ஒரு சக்கரத்தைக் கடைசிவரை தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் ஸ்லிப் பகுதி உருவி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் இழுபட்டு அறுந்தால் பாதி பிரேக் போய்விடும்.

இவ்வளவையும் முழுசாகச் செய்தால் ஸ்பிரிங் ஓவர் நல்ல வேலை, மண்ரோடு சொல்வதில் தப்பில்லை. பாதி செய்து ரோட்டில் ஓட்டுவதுதான் கூடாது. பதிவு விதிகளும் இடத்துக்கு இடம் வேறு, வெட்டுவதற்கு முன்னாலேயே உங்கள் பக்கம் எவ்வளவு உயர்த்த அனுமதி என்று விசாரித்துவிடுங்கள்.

மண்ரோடு

வெல்டிங் மேசை அக்கா சொன்னது சரி. என் வண்டியில் மேல்கை ஸ்டியரிங்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டது தப்பாக அர்த்தப்பட்டுவிடும். தம்பி, 235-ஓடு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

பழைய ஸ்பேனர்

லாக்கர் என்றால் பின்னால்தான் முதலில். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போகிறது, பிடிப்பும் அங்கேதான் இருக்கும். முன் லாக்கர் போட்டால் முழு விசையும் அந்தச் சின்ன ஜாயின்ட்டில் விழும். ஸ்டியரிங் முழுசாகத் திரும்பியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் உடைவது அதுதான். பின்னாலும் தானாகப் பூட்டும் வகை வேண்டாம் என்பேன். டிஃபரன்ஷியலின் பழைய கூட்டுக்குள்ளேயே சிலந்திப் பல்லுக்குப் பதிலாக உட்காருவதால் விலை குறைவுதான். ஆனால் இவ்வளவு குட்டை வண்டியில் ஈர ரோட்டுத் திருப்பத்தில் அது பூட்டினால் வால் தள்ளும், நீங்கள் ரோட்டில் ஓட்டுகிறவர். காசு சேர்த்து, வேண்டும்போது மட்டும் பூட்டுகிற வகையை வாங்குங்கள். டிஃபரன்ஷியலை வெல்டு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதுவரை காற்றை இறக்கி, லோவில் மெதுவாகப் போய்ப் பழகுங்கள், லாக்கர் இல்லாமலே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கார்புரேட்டர். சாய்வில் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், ஜெட்டுக்கு (பெட்ரோல் போகும் சிறு துளைக்கு) எட்டாமல் போகும், அல்லது அளவுக்கு மேல் வழிந்து இன்ஜினுக்குள் கொட்டும். எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அணைந்தபின் பெட்ரோல் நெடி அடித்து, திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது கறும்புகை வந்தால் வழிகிறது. அப்படியானால் மிதவை மட்டத்தையும் நீடில் வால்வையும் பாருங்கள், நின்ற வண்டியில் நீடில் ஒட்டிக்கொள்வது சகஜம். நெடியே இல்லாமல் மெதுவாகச் செத்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் ஃபில்டரும் பம்பும். இதில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் வகை. அதன் உள்ரப்பர் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் செங்குத்தில் கொஞ்சம் திணறும். கார்புரேட்டரின் சுபாவம் அது. முழுத் தீர்வு வேண்டுமானால் இதே குடும்பத்து 1.6 லிட்டர் ஜி16 இன்ஜினைப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு மாற்றுவது. உங்கள் கியர்பாக்ஸோடு சேரும் என்பதால் நிறையப் பேர் செய்கிறார்கள். வயரிங்கும் கம்ப்யூட்டரும் சேர்த்து முழு செட்டாகக் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள்.

ஆற்றுப்படுகை என்றீர்கள். பிரீதர் புதிதாகப் போடும்போதே இரண்டு ஆக்சிலிலும் டியூப் மாட்டி இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அப்படியே. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் இறங்கி வந்த பிறகு ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும். பால்போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பம்பரும் வின்ச்சும் கடைசிக்கு. அதற்கு முன்னால், முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட்டு போட்ட, விசைக்கென்றே செய்த இழுக்கும் கொக்கி வேண்டும். டிரெய்லர் மாட்டும் பந்தில் பெல்ட்டைக் கட்டி இழுக்கவே கூடாது. அது அறுந்து பறந்து உயிர் போயிருக்கிறது. இழுக்கும்போது பெல்ட்டின் நீளத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது, நெருங்கிய நண்பர் ஆனாலும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வின்ச் வாங்கும்போது சாமானோடு சேர்ந்த வண்டி எடையின் ஒன்றரை மடங்காவது இழுக்கும் திறன் பாருங்கள். இந்த வண்டிக்குச் சின்ன வின்ச்சே போதும், பெரியதை மாட்டி மூக்கில் எடை ஏற்ற வேண்டாம். கம்பி வேண்டாம், நார்க்கயிறு எடுங்கள்.

பேரிங் வந்து சேர்வதற்குள் பின் ஷாக்கிள் பக்கம் சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அங்கே அமுங்கினால் மேலே தகடு ஒட்டாமல் உள்ளிருந்து எப்படிச் சரிசெய்வது என்று அக்கா சொல்வார்.